முதல் ரக்ஸாக்: 3,500 ரூபாயை எதில் போடுவது?

கேள்வி: டிசம்பர் கடைசியில் தோழிகளோடு உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா மலைக்குப் போகிறேன். இதுதான் முதல் மலையேற்றம். பிடித்துவிட்டால் வருடம் ஒன்றாவது போக ஆசை. முதுகில் மாட்டும் மலையேற்றப் பைக்கு, அதாவது ரக்ஸாக்குக்கு, 3,500 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ஆன்லைனில் 1,200 ரூபாய்க்கே 70 லிட்டர் பை கிடைக்கிறது. 50 லிட்டர் பைக்கு மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். எதை வாங்குவது? என் உயரம் 5 அடி 1 அங்குலம், எடை 52 கிலோ.
வாசகி, திருச்சி

பதில்: 50 லிட்டர் பையைத்தான். ஆனால் இன்றைக்கே வாங்கிவிடாதீர்கள். மற்ற சாமானெல்லாம் சேர்ந்த பிறகு கடைசியாக வாங்க வேண்டியது பை.

கேதார்காந்தா சுமார் 12,500 அடி. அடிவார ஊரான சாங்க்ரியிலிருந்து குழுவாகக் கூட்டிப்போகிறவர்கள் கூடாரம், ஸ்லீப்பிங் பேக், சாப்பாடு எல்லாவற்றையும் பெரும்பாலும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். உங்கள் முதுகில் ஏறப்போவது துணிமணி, தடித்த ஜாக்கெட், மழைக்கோட்டு, தண்ணீர், தலையில் மாட்டும் விளக்கு, தட்டு, மருந்து, அவ்வளவுதான். வீட்டில் 30 செ.மீ. அகலம், 40 நீளம், 40 உயரத்தில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தால் எடுங்கள். அதன் கொள்ளளவு 48 லிட்டர். கொண்டுபோக நினைப்பதையெல்லாம் அதில் அடுக்கிப் பாருங்கள். மூடி மூடவில்லை என்றால் ஒரு ஜீன்ஸை வெளியே எடுங்கள், பெரிய பைக்குப் போகாதீர்கள். 70 லிட்டர் பையில் இடம் மிச்சமிருந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது திணித்துவிடும். பை, தண்ணீர் உட்பட மொத்தச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. உங்களுக்கு அது 10 கிலோ. முதல் முறை என்பதால் 8 கிலோவில் நிறுத்தினால் இன்னும் நல்லது.

இனி, அந்த மூன்று மடங்கு விலை எதற்கு? பெரும்பகுதி இடுப்புப் பட்டைக்குத்தான்.

நல்ல ரக்ஸாக்கைத் தோள் சுமப்பதில்லை, இடுப்பெலும்பு சுமக்கிறது. தோளில் மாட்டும் பட்டைகளின் வேலை பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டும். 1,200 ரூபாய் பையிலும் இடுப்பில் ஒரு பட்டை தொங்கும். ஆனால் அது வெறும் நாடா. பை ஆடாமல் தடுக்கும், எடையைத் தாங்காது. விரலால் அழுத்திப் பாருங்கள்: பட்டைக்குள் கெட்டியான பஞ்சு இருக்க வேண்டும், இரண்டு பக்க எலும்பையும் அது சுற்றி அணைக்க வேண்டும். அடுத்து, காலிப் பையை நிமிர்த்தி வைத்து மேலிருந்து உள்ளங்கையால் அமுக்குங்கள். சாக்கு மாதிரி மடிந்து உட்கார்ந்தால் உள்ளே பையை நிமிர்த்திப் பிடிக்கும் சட்டம் (ஃப்ரேம்) இல்லை என்று பொருள். சட்டம் இல்லாவிட்டால் எடை இடுப்புக்கு இறங்கவே இறங்காது.

உங்கள் உயரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே அளவில் வரும் மலிவுப் பைகள் பெரும்பாலும் உங்களைவிட உயரமானவர்களுக்குத்தான் உட்காரும். உங்களுக்கு இடுப்புப் பட்டை பின்பக்கம் சரிந்து, நடக்க நடக்கத் தொடையில் இடிக்கும். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு துருத்தும். இடுப்பில் கைவைத்து, கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டி, அந்த எலும்பிலிருந்து கட்டைவிரல்களுக்கு நடுக்கோடு வரை தோழியை விட்டு டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். பையில் பார்க்க வேண்டியது இந்த முதுகளவைத்தான், உங்கள் உயரத்தை அல்ல. தோள்பட்டையை மேலும் கீழும் நகர்த்தி மாட்டும் வசதியுள்ள பை அகப்பட்டால், நாலு பாக்கெட் குறைந்தாலும் அதையே எடுங்கள்.

துணியில் எழுதியிருக்கும் டீனியர் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் டீனியர். அது நூலின் பருமனைச் சொல்லும், தையலைச் சொல்லாது. கர்நாடகத்தில் குமார பர்வத மலையில் ஏறும்போது பாதி வழியில் என் முதல் பையின் துணி நன்றாகத்தான் இருந்தது. தோள்பட்டை மட்டும் தைத்த இடத்தில் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. மிச்ச வழி முழுக்கத் துண்டால் முடிந்து தூக்கினேன். ஜீன்ஸின் பெல்ட் மாட்டும் காதில் நெருக்கமாகக் குறுக்குத் தையல் போட்டிருப்பார்களே, திருப்பூரில் பார்டேக் என்பார்கள். பட்டைகள் பையோடு சேரும் இடத்திலெல்லாம் அது இருக்கிறதா என்று உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

ரெயின் கவர் இல்லையே என்று ஒரு பையை ஒதுக்க வேண்டாம். கவர் முதுகுப்பக்கத்தை மூடாது. அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். தடித்த பெரிய குப்பைப் பை ஒன்றைப் பைக்குள் விரித்து அதற்குள் துணியை அடுக்கினால் போதும். பணம் இடித்தால் ஜாக்கெட்டையும் ஊன்றுகோலையும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், சாங்க்ரியிலேயே கிடைக்கும். அந்தக் காசைப் பையில் போடுங்கள்.

கடைக்கு நேரில் போங்கள். விளையாட்டுச் சாமான் கடை என்றால் டம்பெல் இருக்கும், இரண்டைத் துணியில் சுற்றி உள்ளே போடச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். எல்லாப் பட்டையையும் தளர்த்தி மாட்டி, முதலில் இடுப்பை இறுக்குங்கள், பிறகு தோள், கடைசியில் மார்பு. இடுப்புப் பட்டையின் பஞ்சு முனைகள் முன்னால் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் பட்டை உங்களுக்குப் பெரிது. மேலும் இறுக்க இடமில்லை.

வீட்டுக்கு வந்ததும் விலைச்சீட்டைக் கிழிக்காதீர்கள். ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றைப் போர்வையில் சுற்றி, முதுகை ஒட்டி நடுவில் வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் செருகுங்கள். அரை மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். கழற்றியபின் தோளில் சிவந்த கோடு விழுந்து இடுப்பில் ஒன்றுமே தெரியவில்லை என்றால், பட்டைகளைச் சரிசெய்து இன்னொரு தடவை ஏறிப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதை பில் போடும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.