வாசகர் கேள்வி: பெரிய டயரும் பிரேக் பைப்பும்

கேள்வி (சாட்ஸ்வர்த்): என் டொயோட்டா ஹைலக்ஸ் பக்கி (பிக்-அப்) வண்டியில் 265/65ஆர்17 டயரை எடுத்துவிட்டு 285/70ஆர்17 போட்டிருக்கிறேன். ஸ்டியரிங்கை இடதுபுறம் முழுக்க ஒடித்தால், பிரேக்கின் இரும்பு பைப்பும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்தில் இடது முன்டயர் உரசுகிறது. பைப்பைக் கையால் வளைத்து உள்ளே தள்ளிவிட்டால் போதும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: கூடாது. பழைய இரும்பு பைப்பைக் கையால் வளைத்தால் நட்டை ஒட்டிய இடத்தில் நசுங்கும் அல்லது விரிசல் விடும். டர்பன் கடற்காற்றில் துருப்பிடித்த பைப் என்றால் அப்போதே ஒடிந்தும் போகலாம்.

முதலில் அளவைப் பாருங்கள். பழைய டயரின் விட்டம் சுமார் 776 மி.மீ., புதியது சுமார் 831. ஆக, சுற்றிலும் 27 மி.மீ. கூடுகிறது. ரிம் மாறாவிட்டால் உட்பக்கம் 10 மி.மீ. நெருங்கும். வண்டி நேராக நிற்கும்போது இடைவெளி பார்த்துப் பயனில்லை. சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, அந்தச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் சஸ்பென்ஷன் முட்டும் வரை தூக்குங்கள். பிறகு ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்க ஒடியுங்கள். அந்த நிலையிலும் டயருக்கும் பைப்புக்கும் இடையே குறைந்தது 25 மி.மீ. இருக்க வேண்டும்.

பைப் போகும் வழியை மாற்றுவதென்றால் முழு பைப்பையும் புதிதாகப் போடுங்கள். நடுவில் வெட்டி, அழுத்திப் பிடிக்கும் வகை இணைப்பால் ஒட்டுப்போடாதீர்கள். பிரேக்கின் அழுத்தத்தை அது தாங்காது. 4.75 மி.மீ. செம்பு-நிக்கல் பைப் வாங்குங்கள். துருப்பிடிக்காது, எளிதாக வளையும். வெறும் செம்பு வேண்டாம். அதிர அதிர இறுகி வெடிப்பு விடும். புது வழியில் கம்பி ஒன்றை வளைத்துப் பார்த்து நீளத்தை அளந்துகொள்ளுங்கள். ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் எம்10×1.0 நட்டும் இரட்டை மடிப்பு பிளேரும் (கசியாமல் பிடிக்க விரித்து மடித்த பைப் முனை) இருக்கும். ஐரோப்பிய வண்டிகளில் குமிழ் வடிவ பிளேர் அதிகம். கழற்றிய பைப்பின் முனையைப் பார்த்து அதே வகையைப் போடுங்கள். இரண்டையும் கலந்தால் எவ்வளவு முறுக்கினாலும் கசியும். பிளேர் அடிப்பதற்கு முன் நட்டைப் பைப்பில் கோத்துவிடுங்கள். அவசரத்தில் பலர் மறப்பது இதைத்தான்.

பைப் எந்தப் பாகத்தில் இருந்ததோ, புதிய பைப்பும் அதே பாகத்தில்தான் போக வேண்டும். சேசிஸும் பாடியும் ரப்பர் மவுண்டில் தனித்தனியாக அசைபவை. இரண்டிலும் இறுக்கிக் கட்டிய பைப் சில மாதங்களில் வெடிக்கும். சுமார் 300 மி.மீ.க்கு ஒரு கிளிப் போடுங்கள்; சைலன்சர் பைப்புக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். ஹோஸ் பிராக்கெட்டை நகர்த்தினால், சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும் ஒடியும்போதும் ஹோஸ் இழுபடாமல், முறுக்காமல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இழுபட்டால் நீளமான ஹோஸ் வாங்கியே ஆக வேண்டும்.

பைப்பைத் திறந்ததும் முனைகளை மூடிவிடுங்கள். பிரேக் ஆயில் டப்பா காலியாகக் கூடாது. காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் பல வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் வெளியேற்ற முடியாது. வண்டிக் கையேடு வேறு வரிசை சொல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின்சக்கரத்தில் தொடங்கி வலது பின், இடது முன், வலது முன் என்று காற்று எடுங்கள். வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியில் டாட் 4 (பிரேக் ஆயிலின் தர வகை) என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள். டாட் 4 புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஃபீல்ட்ஸ் ஹில் போன்ற நீண்ட இறக்கத்தில் பெடல் தரையைத் தொடுவதற்கு இதுவும் ஒரு காரணம். முன்பே திறந்த பழைய ஆயில் டப்பாவில் மிஞ்சியதை ஊற்றவே ஊற்றாதீர்கள்.

முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க, மற்றவர் ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த காகிதத்தால் துடைத்துப் பார்க்கட்டும். 100 கி.மீ. ஓடியபின் மறுபடியும் பாருங்கள். இன்னொன்று: டயர் 7 சதவீதம் பெரிதானதால், ஸ்பீடோமீட்டர் முன்பு சரியாகக் காட்டியிருந்தால் இப்போது 100 காட்டும்போது வண்டி 107-இல் போகும். அதே மிதிக்குப் பிரேக் பிடிப்பும் அந்த அளவு குறையும்.

கேள்வி (டோங்காட்): பைப்பைத் தொடாமல் சக்கரத்துக்கு ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளிவைக்கும் தட்டு) போட்டால் உரசல் நிற்காதா?

பதில்: உட்பக்கம் நிற்கலாம். ஆனால் டயர் வெளியே தள்ளப்படுவதால் ஸ்டியரிங் ஒடிக்கும்போது இன்னும் பெரிய வட்டத்தில் சுழலும். பம்பர் மூலையிலும் மட்கார்டின் பின்புறத்திலும் உரசத் தொடங்கும். வீல் பேரிங்கின் சுமையும் கூடும்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): பழைய ஹைலக்ஸை 50 மி.மீ. உயர்த்தியபின் பின்பிரேக் மந்தமாகிவிட்டது. காற்று எடுத்தும் சரியாகவில்லை.

பதில்: பின் ஆக்சிலிலிருந்து சேசிஸில் உள்ள வால்வுக்கு ஒரு கம்பி போகிறதா பாருங்கள். சுமைக்கேற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அந்த வால்வுதான். சேசிஸ் உயர்ந்ததும், சரக்கு இல்லை என்று கணக்கிட்டு அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. ஆக்சில் பக்கத்துப் பிராக்கெட்டை உயர்த்திய அதே அளவு உயர்த்திக் கம்பியைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவாருங்கள். கம்பியை மேலே இழுத்துக் கட்டி வால்வை முழுக்கத் திறந்துவைக்காதீர்கள். மழையில் காலி வண்டியின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும்.