டேங்க் நிறைய சேறு, எங்க கொட்டுறது?

கேள்வி: ஹைட்ரோவேக் வண்டி வச்சு தோண்டுற வேலை எடுத்துப் பண்றேன். தண்ணிய பீச்சி மண்ணைக் கரைச்சு உறிஞ்சிடுறதால கேபிள், பைப் எதுவும் அடிபடறதில்ல, ஆனா டேங்க்ல சேர்ற கூழை குப்பைக் கிடங்குக்கு கொண்டுபோனா ‘தண்ணியா இருக்கு’ன்னு திருப்பி அனுப்புறாங்க. மரத்தூள் கலந்தா சரியாயிடுமா?

பதில்: ஆகும், ஆனா எப்ப கலக்குறீங்கங்கறதுல தான் இருக்கு விஷயம். கரைசலா இருக்கும்போதே மூட்டை மூட்டையா கொட்டினீங்கன்னா தூளுக்கும் காசு, அது குடிச்ச தண்ணியோட எடைக்கும் கிடங்குல காசு. ஒரு கன மீட்டர் தண்ணியே 1000 கிலோங்க! அதனால முதல்ல தெளிய விடுங்க. மணல்னா சில நிமிஷத்துல அடியில உக்காந்துரும், களிமண் நாள்கணக்கா மிதக்கும், ஏன்னா துகள் 10 மடங்கு சின்னதானா இறங்குற வேகம் 100 மடங்கு குறைஞ்சுடும். அதுக்குத்தான் படிகாரமோ பாலிமரோ போட்டு திப்பியா சேர வைக்கிறாங்க. தெளிஞ்ச தண்ணிய இறுத்து, அடியில நிக்கிற கெட்டி சேத்துல மட்டும் தூளைக் கலங்க, பாதிகூட தேவைப்படாது. இறுத்த தண்ணிய மழைநீர் வடிகால்ல விட்டுடாதீங்க, கலங்கல் அப்படியே ஆத்துக்குத்தான் போகும்.

மரத்தூள் இல்லாம சுண்ணாம்பு, சிமென்ட்டும் போடலாம். சீக்கிரம் இறுகும், ஆனா காரத்தன்மை ஏறிடும், அந்த மண்ணுல அப்புறம் செடி வைக்க நினைக்காதீங்க. தண்ணிய உறிஞ்சி ஜெல்லாக்குற பவுடர் கொஞ்சம் போட்டாலே போதும், ஆனா உப்புத்தண்ணியில அது சரியா ஊதாது, அங்க போட்டா காசுதான் வீண்.

அமெரிக்காவுல பெயிண்ட் ஃபில்டர் டெஸ்ட்னு ஒண்ணு வச்சிருக்காங்க. பெயிண்ட் வடிகட்டுற கூம்புல 100 கிராம் சேத்தைப் போட்டு 5 நிமிஷம் பாக்கணும், ஒரு சொட்டு விழுந்தாலும் ஃபெயில். வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி நீங்களே செஞ்சு பாத்துக்கலாம், ஆனா கொஞ்சம் கூடுதலாவே கெட்டியாக்கிடுங்க, போற வழியில குலுங்கிக் குலுங்கி தண்ணி மறுபடி மேல வந்துரும். டெஸ்ட்ல பாஸான லோடு கேட்ல மாட்டுறது இப்படித்தான்.

இன்னொண்ணு, தோண்டும்போது பெட்ரோல், டீசல் வாடை வந்துச்சுன்னா அந்த லோடை மத்ததோட கலக்கவே கலக்காதீங்க. கலந்தா நல்ல மண்ணும் கெட்ட மண்ணு கணக்குல போய் செலவு எங்கயோ போயிடும்.

கேள்வி: சேறே கம்மியா வர்ற மாதிரி பண்ண முடியாதா?

பதில்: இதை முதல்ல கேட்டிருக்கணும் நீங்க! சுழல்ற நாசில் மாட்டுங்க, மண்ணு தளர்ந்ததும் தண்ணிய நிறுத்திட்டு உறிஞ்சுறதை மட்டும் ஓட விடுங்க. ஆபரேட்டர் கை பழகுனா டேங்க் நிறையவே நேரமாகும்.