கணவர் துணையில்லாத தாய்க்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்தால் எப்படி உதவுவது?

மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு என்பது, பிரசவமாகி இரண்டு வாரங்கள் கடந்தும் நீடிக்கும் துயரமும் பதற்றமும், குழந்தை உறங்கும்போதுகூடத் தாய்க்கு உறக்கம் வராத நிலையும் கொண்ட ஒரு நோய். முதல் சில நாள்களின் அழுகை பெரும்பாலும் தானே அடங்கிவிடும், இது அப்படியன்று. நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்களின் அளவுகள் சட்டெனச் சரிவதோடு, உறக்கமின்மையும் தனிமையும் சேர்ந்துகொள்கின்றன. மேட்டூர் அணையை அடைத்தால் நீர் எல்லோருக்கும்தான் குறைகிறது; ஆனால் முதலில் வெடிப்பது கடைமடை வயல். கணவரை இழந்தோ பிரிந்தோ வாழும் தாய் அந்தக் கடைமடையில் நிற்கிறார்.

ஆகவே அறிவுரையைவிட ஆள்துணையே முதல் உதவி. இரவில் பாலூட்டியபின் குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொண்டு, தாயை நான்கு மணி நேரமாவது தொடர்ந்து உறங்கவிட வேண்டும். (குழந்தையைப் பார்க்க வருவோர், தகப்பனைப் பற்றி விசாரிக்காமல் இருப்பதும் ஓர் உதவிதான்.) கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லலாம், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். தன்னையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம் எழுந்தால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பாலூட்டும் தாய் இதற்கு மருந்தே உட்கொள்ளக் கூடாது என்று பலரும் நம்புவது தவறு. பாலூட்டும் காலத்துக்கு ஏற்ற மருந்துகளை மருத்துவர் தேர்ந்து தருவார்.