ரிமாண்டில் இருக்கும் கணவரை மனு பார்க்க முடியவில்லை: என்ன செய்வது?

கேள்வி: நான் புதுச்சேரி மாநிலம் பாகூர் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். என் வீட்டுக்காரர் கடலூரில் மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்த்தார். திருவிழா அன்று நடந்த தகராறில் ஒருவருக்கு மண்டையில் அடிபட்டுவிட்டது. கொலை முயற்சி என்று எப்.ஐ.ஆர். போட்டு, ரிமாண்ட் செய்து கடலூர் மத்திய சிறையில் வைத்திருக்கிறார்கள். சிறையில் மனுக் கொடுத்து அவரைச் சந்திக்க, அதாவது மனு பார்க்கப் போனேன். அவருடைய அக்கா அந்த வாரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார், என் பெயர் பட்டியலில் இல்லை என்று சொன்னார்கள். எங்களுக்குக் கோயிலில் தாலி கட்டித்தான் கல்யாணம் நடந்தது, பதிவு செய்யவில்லை. என் ஆதாரில் இன்னும் அப்பா பெயர்தான் இருக்கிறது. ஒன்றரை வயதில் மகள் இருக்கிறாள், அப்பாவைத் தேடுகிறாள். எங்கள் ஊரில் ஒருவர், "எனக்கு ஆள் தெரியும், இரண்டாயிரம் கொடு, நாளைக்கே பார்க்க வைக்கிறேன்" என்கிறார். கொடுக்கலாமா? அவரைப் புதுச்சேரியில் உள்ள காலாப்பட்டு ஜெயிலுக்கு மாற்ற முடியுமா? வக்கீல் வைக்கப் பணம் இல்லை.

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள், அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் அந்த ஆள் இன்னொரு தடவை வீட்டுக்கு வந்துவிடுவார். உங்கள் கணவரைப் பார்ப்பதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. அந்த இரண்டாயிரம் எந்த அதிகாரிக்கும் போகாமல் அவர் சட்டைப் பையிலேயே தங்கவும் வாய்ப்பு அதிகம். அப்படியே போனாலும், 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். மிரட்டலுக்குப் பயந்து கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால்தான் அதிலிருந்து தப்பலாம். ஒருவர் உள்ளே இருக்கும் குடும்பத்தில் இன்னொருவரும் வழக்கில் மாட்டக் கூடாது.

உங்களைத் திருப்பி அனுப்பியதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று பட்டியல், இன்னொன்று முறை. சிறைக்குள் சேர்க்கும்போதே, தன்னைப் பார்க்க வரக்கூடியவர்கள் யார் யார் என்று கைதியிடம் கேட்டு எழுதிக்கொள்வார்கள். கைதான அன்றைய பதற்றத்தில் பலரும் வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள். உங்கள் கணவர் அக்கா பெயரைச் சொல்லியிருக்கிறார். அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லும் உரிமை அவர் கையில்தான் இருக்கிறது. "என் மனைவி பெயரையும் சேருங்கள்" என்று அவர் சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இதை அவரிடம் சொல்ல அடுத்த முறை உங்கள் நாத்தனார் போகும்போது சொல்லி அனுப்பலாம், இல்லையென்றால் வழக்கறிஞர் மூலமாகச் சொல்லலாம்.

முறை என்பது இது: ஒரு கைதிக்கு ஒரு வாரத்தில் இத்தனை சந்திப்பு என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கு அவருக்குத்தானே தவிர வருகிறவர்களுக்கு அல்ல. அக்கா தனியாகப் போய் ஒரு முறையைப் பயன்படுத்திவிட்டால் உங்களுக்கு அந்த முறை போய்விடும். ஆனால் ஒரே மனுவில் சேர்ந்து போகலாம். மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு, ஒரு நேரத்தில் பொதுவாக மூன்று பேர் வரை, அரை மணி நேரத்துக்கு மிகாமல் என்று சொல்கிறது. கூட்டம் உள்ள நாளில் அதைவிடச் சீக்கிரம் எழச் சொல்வார்கள். ஆகவே நாத்தனாருடன் பேசி, இருவரும் ஒரே நாளில் போங்கள். குடும்பத்துக்குள் ஏதாவது வருத்தம் இருந்தால் இந்த நேரத்துக்கு அதை ஓரமாக வையுங்கள். அவர் வெளியே வரும்வரை உங்களுக்கு அந்த அக்காவின் துணை தேவைப்படும்.

பதிவு செய்யாத கல்யாணம் என்பதால் நீங்கள் மனைவி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்து திருமணச் சட்டத்தின் 8(5) பிரிவு, பதிவில் விட்டுப்போனதாலேயே திருமணத்தின் செல்லுபடி பாதிக்கப்படாது என்று தெளிவாகச் சொல்கிறது. அதற்கும் மேலே, சிறையில் ஒருவரைப் பார்க்க மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. உறவினர், நண்பர் எல்லோருக்கும் அந்த வசதி உண்டு. வாசலில் அவர்களுக்குத் தெரிய வேண்டியது, வந்திருப்பவர் யார், அவர் சொல்கிற ஆள்தானா என்பதுதான். 1894-ஆம் ஆண்டு சிறைகள் சட்டத்தின் 41-வது பிரிவு, பார்க்க வருபவரின் பெயரையும் முகவரியையும் கேட்க ஜெயிலருக்கு அதிகாரம் தருகிறது. உங்கள் ஆதாரில் அப்பா பெயரும் புதுச்சேரி முகவரியும் இருப்பது ஒரு குறையே அல்ல. அசல் ஆதாரையும் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயராக அவர் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உறவைக் காட்ட அதைவிட நல்ல தாள் வேறு தேவையில்லை. கூடவே அவர் பெயர், அப்பா பெயர், காவல் நிலையம், குற்ற எண், சிறையில் அவருக்குக் கொடுத்திருக்கும் எண் எல்லாவற்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மனு எழுதும் இடத்தில் இதில் ஒன்று இல்லாமல்தான் பலர் அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

கடலூர் மத்திய சிறை கேப்பர் மலையில் இருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பி வருவது லேசான காரியம் இல்லை. அதனால் எந்தெந்தக் கிழமை, எத்தனை மணி வரை மனு வாங்குகிறார்கள் என்பதை முதலில் சிறைக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அரசு விடுமுறை நாட்களில் ஏமாற்றம்தான் கிடைக்கும். இ-பிரிசன்ஸ் இணையதளத்தில் இ-முலாகாத் என்ற பகுதியில் சந்திப்புக்கு முன்பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. அந்த முன்பதிவை இங்கே ஏற்கிறார்களா என்பதையும் அதே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

உள்ளே போகும்போது சோதனை இருக்கும். பெண்களைப் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும். சந்தேகத்தின் பேரில் நடக்கும் உடல் சோதனையைக் கைதிகள் எதிரிலோ, வந்திருக்கும் மற்றவர்கள் எதிரிலோ செய்யக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதே நேரத்தில், சோதனைக்கு மறுத்தால் உள்ளே விடாமலும் இருக்கலாம். செல்போனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பீடி, புகையிலை, சிம் கார்டு, ஒரு சின்னச் சீட்டு, எதுவும் வேண்டாம். பக்கத்தில் நிற்கும் யாரோ, "இதை மட்டும் உள்ளே இருக்கும் இன்னாரிடம் கொடுத்துவிடச் சொல்லுக்கா" என்று நீட்டுவார்கள். வாங்கவே வாங்காதீர்கள். தடை செய்த பொருளைச் சிறைக்குள் கொண்டுபோனால் அதே சிறைகள் சட்டத்தின் 42-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் ஒரு பொட்டலத்தைச் சுமந்துபோய்ப் பெண்கள் வழக்கில் மாட்டுவது என்னை மிகவும் வருத்தும் விஷயம்.

தண்டனை பெறாத விசாரணைக் கைதி தன் செலவில் உணவு, உடை, படுக்கை ஆகியவற்றை வெளியிலிருந்து பெறலாம் என்று அதே சட்டத்தின் 31-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அது சோதனைக்கும் சிறை விதிகளுக்கும் உட்பட்டது. நடைமுறையில் வீட்டில் சமைத்த சோறு பெரும்பாலும் உள்ளே போகாது. மீன் குழம்பை ஆசையாக எடுத்துப்போய் வாசலில் கொட்டிவிட்டு வர வேண்டாம். உடுத்தத் துணி, துண்டு கொண்டுபோகலாம். அவர் பெயரில் சிறைக் கணக்கில் பணம் கட்டினால், உள்ளே இருக்கும் கேன்டீனில் சோப்பு, பிஸ்கட் என்று தேவையானதை வாங்கிக்கொள்வார். பணத்தை அவர் கையில் கொடுக்கக் கூடாது. கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் டாக்டர் சீட்டோடு சிறை மருத்துவரிடம் சேர்ப்பிக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். குடும்பத்தோடு தொலைபேசியில் பேசும் வசதியும் சிறையில் உண்டு. உங்கள் எண்ணைப் பதிவு செய்யச் சொல்லி அவர் உள்ளேயே எழுதிக் கொடுக்க வேண்டும். இத்தனை தூரம் வர முடியாத வாரங்களில் அதுதான் கைகொடுக்கும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. உள்ளே போய் அவரிடம் என்ன பேசுவது?

சந்திப்பு அறையில் காவலர்கள் இருப்பார்கள், இரு பக்கமும் பத்துக் குடும்பம் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும். அங்கே வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். அன்று யார் முதலில் அடித்தார்கள், கையில் என்ன இருந்தது, யார் பார்த்தார்கள், இதெல்லாம் வழக்கறிஞரிடம் மட்டும் சொல்ல வேண்டிய விஷயங்கள். வழக்கறிஞர் பார்க்கும்போது காவலர் பார்வைக்கு எட்டும் தூரத்தில் நிற்கலாம், காது கேட்கும் தூரத்தில் நிற்கக் கூடாது. அந்தப் பாதுகாப்பு உங்கள் பேச்சுக்குக் கிடையாது. அடிபட்டவர் வீட்டுக்குப் போய்ப் பேசு, சாட்சியைப் பார் என்று அவர் ஆத்திரத்தில் சொன்னாலும் நீங்கள் போகாதீர்கள். சாட்சியை மிரட்டியதாக ஒரு புகார் வந்தால் கிடைக்க இருந்த ஜாமீனும் கெட்டுப்போகும். மகள் சாப்பிட்டாளா, வாடகை கட்டியாயிற்றா, ஷெட் முதலாளி சம்பள பாக்கி கொடுத்தாரா, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். உள்ளே யாராவது அடித்தார்களா என்பதையும் கேளுங்கள். அடித்ததாகச் சொன்னால் தேதியை எழுதி வைத்து, அன்றே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

மகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று நீங்கள் தயங்கலாம். தாராளமாகக் கூட்டிப் போங்கள். 1981-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கின் நடுவிலும் ஒரு குழந்தை இருந்தாள். டெல்லி திகார் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த அந்தப் பெண், ஐந்து வயது மகளையும் அவளை வளர்த்துவந்த தன் சகோதரியையும் மாதம் ஒரு முறைதான் பார்க்க முடிந்தது. அதே சிறையில் விசாரணைக் கைதிகளுக்கு வாரம் இரண்டு சந்திப்பு இருந்தது. குடும்பத்தைப் பார்ப்பதும் பேசுவதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. அந்தப் பெண்ணுக்கும் வாரம் இரண்டு சந்திப்பாவது தர வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்கள் கணவர் குற்றவாளி என்று இன்னும் எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அவரைப் பார்ப்பதைச் சலுகையாக நினைத்துக் கெஞ்ச வேண்டாம், உரிமையாக நினைத்து மரியாதையாகக் கேளுங்கள்.

பட்டியலில் பெயர் சேர்ந்த பிறகும், நாளும் நேரமும் சரியாக இருந்தும் மறுத்தால், காரணத்தை எழுதித் தரச் சொல்லி கண்காணிப்பாளருக்கு மனுக் கொடுங்கள். நகலில், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். அதையும் தாண்டி மறுத்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும், அவரை ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட்டுக்கும் எழுதலாம். கடைசியாக உயர் நீதிமன்றம் இருக்கிறது. பெரும்பாலும் முத்திரை குத்திய முதல் மனுவிலேயே வழி திறந்துவிடும்.

காலாப்பட்டுக்கு மாற்றும் விஷயத்தில் நம்பிக்கை வைக்காதீர்கள். வழக்கு தமிழ்நாட்டு எல்லைக்குள் பதிவாகியிருக்கிறது. விசாரணை முடியும்வரை கடலூர் நீதிமன்றம் அனுப்பும் சிறையில்தான் அவர் இருக்க வேண்டும். ஒரு மாநிலச் சிறையிலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கைதிகளை மாற்ற 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது தண்டனை அனுபவிப்பவர்களுக்கானது. அதற்கும் இரண்டு அரசுகளும் சம்மதிக்க வேண்டும். கூப்பிடு தூரத்தில் எல்லையைத் தாண்டினால் அதிகாரம் மாறிவிடுவது நம் பகுதிக்குப் பழைய கதை. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைதான பாரதியாரும் கடலூர்ச் சிறையில்தான் அடைக்கப்பட்டார்.

மாற்றுவதற்கு அலையும் நேரத்தை ஜாமீனுக்குச் செலவிடுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவில் இருக்கிறது. அதற்கு வருமானச் சான்றிதழ்கூடத் தேவையில்லை, காவலில் இருப்பதே போதும். கடலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் மனுக் கொடுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அவர்கள் நியமிக்கும் வழக்கறிஞர் சிறைக்கே போய் வக்காலத்தில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்வார். பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்கும் மனுவையும் அன்றே எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

முதல் ரிமாண்ட் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். காயம் ஏற்படுத்திய கொலை முயற்சி என்ற குற்றச்சாட்டுக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. அதனால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 187-வது பிரிவின்படி 90 நாட்களுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால், ஜாமீன் கேட்டு மனுப் போட்டுப் பிணையும் கொடுத்தால் அவரை விட வேண்டும். ஆனால் அவர்கள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதற்கு முன்பே அந்த மனுவைப் போட்டுவிட வேண்டும். 91-வது நாள் காலையில் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் நிற்கிறாரா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்பே ஜாமீன் கிடைத்தால் ஜாமீன்தாரர் கேட்பார்கள். உங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் புதுச்சேரி ரேஷன் கார்டு வைத்திருப்பார்கள், கடலூர்க்காரர்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் மனம் விட்டுவிடாதீர்கள். ஜாமீன்தாரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்காக மறுக்கக் கூடாது என்று மோதி ராம் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டு பேரிடம் இப்போதே பேசி, சொத்துவரி ரசீது, ஆதார், புகைப்படம் எல்லாவற்றையும் வாங்கி வையுங்கள். உத்தரவு கைக்கு வந்த பிறகு இந்தத் தாள்களைத் தேடி அலைந்தே பலர் இன்னும் ஒரு வாரம் உள்ளே கிடக்கிறார்கள்.