உலகத் தரவரிசையில் முதல் நூறில் ஒற்றையர் வீரர் ஒருவர்கூட இல்லாத இந்திய அணியின் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆட்டங்களை ஏன் பார்க்க வேண்டும்?

கேள்வியைப் படித்ததும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. யாரோ ஒரு நண்பர் ஸ்கோரை அனுப்பியிருப்பார். நீங்கள் வீரர்களின் பெயரைத் தேடிப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் 300, 600 என்று எண்கள் வந்திருக்கும். 'இதுக்கா இவ்வளவு அலட்டல்?' என்று தோன்றியிருக்கும். என் அலுவலகத்திலும் இதே கேள்வியைக் கேட்பவர்கள் உண்டு, அதனால் உங்கள் மேல் கோபமில்லை.

தரவரிசை என்பது ஒரு தனி ஆளின் வருடக் கணக்குப் பேரேடு மாதிரி. வாரா வாரம் ஊர் ஊராகப் போய் ஆடிச் சேர்த்த புள்ளிகள் அதில் இருக்கும். டேவிஸ் கோப்பை நாடும் நாடும் அணியாக மோதுவது, அதன் கணக்கு வேறு. நான்கு ஒற்றையர், ஒரு இரட்டையர், மொத்தம் ஐந்து ஆட்டம். மூன்றை ஜெயித்தால் போதும். உங்களிடம் தோற்காத ஒரு இரட்டையர் ஜோடி இருந்தால் நான்கு ஒற்றையரில் இரண்டு கிடைத்தாலே எதிரி வீட்டுக்குப் போகலாம். லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் டேவிஸ் கோப்பையில் தொடர்ச்சியாக 24 இரட்டையர் ஆட்டங்களை ஜெயித்தவர்கள். வெளிப் போட்டிகளில் ஜோடி பிரிந்த பிறகும் நாட்டுக்காக வந்து சேர்ந்து ஆடினார்கள். மீதி இரண்டு புள்ளியை யார் எடுப்பது என்பதுதான் பல வருடங்கள் நம் அணியின் கவலை.

அடுத்தது தரை. போட்டியை நடத்தும் நாடுதான் தரையைத் தேர்ந்தெடுக்கும். நாம் பல காலம் புல்லைத் தேர்ந்தெடுத்தோம். 1995இல் டெல்லிப் புல்தரையில் குரோஷியாவின் கோரன் இவானிசெவிச், அப்போது உலகின் முதல் பத்து வீரர்களில் ஒருவர், பயஸிடம் இரண்டு செட் முன்னிலையில் இருந்துவிட்டுத் தோற்றார். பயஸ் அப்போது முதல் நூறில் இல்லை. உங்கள் அளவுகோல்படி அந்த ஆட்டத்தை யாரும் பார்த்திருக்கவே கூடாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2010 செப்டம்பர், நுங்கம்பாக்கம் ஸ்டேடியம், பிரேசிலுக்கு எதிரான ஆட்டம். ஜெயித்தால் முதல் பதினாறு நாடுகள் ஆடும் உலகப் பிரிவில் நீடிக்கலாம், தோற்றால் கீழே. நானும் என் அம்மாவின் தம்பியும் போயிருந்தோம். மாமாவுக்கு டென்னிஸ் என்றால் ராமநாதன் கிருஷ்ணன். 1966இல் கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோச்சோடு நடந்த ஐந்தாவது ஆட்டத்தைப் பற்றி அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. செட் கணக்கில் 1-2, நாலாவது செட்டில் 2-5 என்று பின்தங்கிய கிருஷ்ணன் அங்கிருந்து ஜெயித்து, இந்தியாவை முதல் முறையாக இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோன ஆட்டம் அது. மறுபடியும் பிரேசில் என்றதும் மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

முதல் நாளே ஊமை அடி. ரோஹன் போபண்ணா, சோம்தேவ் தேவ்வர்மன் இருவருமே ஐந்து செட் வரை இழுத்துப் போய்த் தோற்றார்கள். பிரேசிலின் பெலூச்சியோடு போபண்ணா ஆடிய ஆட்டத்தின் கடைசி செட் 10-8. அப்போதெல்லாம் டேவிஸ் கோப்பை ஐந்தாவது செட்டில் டை பிரேக் கிடையாது, இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆட வேண்டும். வெளியே வரும்போது மாமா சொன்னார்:

"நாளைக்கு நீ மட்டும் போய்க்கோடா. எனக்கு பிரஷர் மாத்திரைதான் மிச்சம்."

"மாமா, நாளைக்கு டபுள்ஸ். பயஸ், பூபதி."

"டபுள்ஸ் ஜெயிப்பாங்க. அப்புறம்?"

டபுள்ஸ் ஜெயித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்தால் மாமா தலையில் போட ஒரு துண்டோடு, எனக்கு முன்னால் கிளம்பி வாசலில் நிற்கிறார்.

அன்றைய வெயிலை எப்படிச் சொல்வது! நாற்காலியில் கை வைக்க முடியவில்லை. சோம்தேவ் சென்னையில் வளர்ந்தவர், இந்தப் புழுக்கம் அவருக்கு உடம்போடு ஒட்டியது. அடித்து நொறுக்குகிற ஆட்டமும் இல்லை அவருடையது, பந்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே இருப்பார். எதிரே தாமஸ் பெலூச்சி, தரவரிசையில் முப்பதுக்குள் இருந்தவர். ஒவ்வொரு ராலி முடிந்ததும் அவர் நடை மெதுவாகிக்கொண்டே வந்தது. முதல் செட்டை டை பிரேக்கில் விட்டார். இரண்டாவது செட்டில் ஓட முடியாமல் விலகிவிட்டார். 2-2.

கடைசி ஆட்டம் போபண்ணாவுக்கும் ரிகார்டோ மெல்லோவுக்கும். போபண்ணாவை எல்லோரும் இரட்டையர் வீரராகத்தான் பார்த்தார்கள், ஒற்றையர் தரவரிசையில் நூற்றுக்கணக்கில் பின்னால் இருந்தார். ஆனால் அன்று அவர் சர்வீஸ் போட்ட வேகத்தில் மெல்லோவால் பல பந்துகளைத் தொடவே முடியவில்லை. ஒரு செட்கூட விடாமல் நேர் செட்டில் முடித்துவிட்டார். முதல் நாள் 0-2 என்று இருந்த அணி 3-2. மாமா பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பையனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "கோச் ஆட்டம் மாதிரியேடா!" என்கிறார். அந்தப் பையன் ஏதோ டென்னிஸ் பயிற்சியாளரைச் சொல்கிறார் என்று நினைத்து "ஆமா சார், நல்ல கோச் சார்" என்று தலையாட்டினான்.

இதை எழுதினால் உடனே ஒருவர் வருவார் என்று தெரியும்: 'எதிராளி வெயிலில் சுருண்டு விழுந்ததெல்லாம் ஒரு வெற்றியா?' ஐயா, 1987 இறுதிச் சுற்றில் ஸ்வீடன் என்ன செய்தது? அதற்கு முந்தைய சுற்றில் நம்மவர்கள் சிட்னிக்கே போய், புல்தரையில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று தோற்கடித்துவிட்டு வந்தார்கள். ஐந்தாவது ஆட்டத்தை எடுத்தவர் ரமேஷ் கிருஷ்ணன், மாமாவின் கிருஷ்ணனுடைய மகன். ஸ்வீடன்காரர்கள் கோத்தன்பர்க்கில் உள்ளரங்கத்துக்குள் களிமண் தரையைப் போட்டு நம்மை 5-0 என்று அனுப்பினார்கள். அவர்கள் களிமண்ணைத் தேர்ந்தெடுக்கலாம், நாம் செப்டம்பர் வெயிலைத் தேர்ந்தெடுக்கக் கூடாதா? சொந்த ஊர் என்பதும் எப்போதும் கைகொடுப்பதில்லை. 2019இல் கொல்கத்தா புல்லில் இத்தாலியிடம் 3-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

களிமண் தரை என்றதும் ஒரு வயிற்றெரிச்சல், சொல்லிவிடுகிறேன். நான் காலையில் ஆடும் மன்றத்தில், பெயர் வேண்டாம், இரண்டு களிமண் கோர்ட் இருந்தது. கோர்ட்டைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் மார்க்கர் விடிவதற்கு முன்னால் வந்து தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, கோடு போட்டு வைப்பார். வட்டார அளவில் ஆடிய பிள்ளைகள் பலர் அவர் கையில் பந்து அடித்துப் பழகியவர்கள். இப்போது அதில் ஒரு கோர்ட் கார் நிறுத்துமிடம். கேட்டதற்குச் செயலாளர் சொன்ன பதில்: "சார், டென்னிஸ் ஆடறவங்க இருபது பேர், கார் வெச்சிருக்கவங்க முன்னூறு பேர்." இன்னொரு கோர்ட்டில் ஞாயிற்றுக்கிழமை வரவேற்பு நிகழ்ச்சிக்குப் பந்தல் போடுகிறார்கள், திங்கட்கிழமை ஆடப் போனால் காலுக்கடியில் ஆணி. மார்க்கரை வாசலில் டோக்கன் கிழிக்கப் போட்டிருக்கிறார்கள். முதல் நூறில் ஆள் இல்லையே என்று கவலைப்படுபவர்கள் தங்கள் மன்றத்துக் கூட்டத்தில் ஒரு தடவை கையைத் தூக்கிப் பேசலாம். நான் பேசினேன், தேநீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

கேள்விக்குத் திரும்புகிறேன். 'அதெல்லாம் பழங்கதை' என்பீர்கள். 2018இல் சீனாவின் தியான்ஜினில் முதல் நாள் 0-2. மறுநாள் பயஸும் போபண்ணாவும் இரட்டையரை எடுத்தார்கள். டேவிஸ் கோப்பையில் பயஸின் 43ஆவது இரட்டையர் வெற்றி அது, உலக சாதனை. பத்திரிகைகள் அதோடு நின்றுவிட்டன. மீதி இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்து அணியைக் கரை சேர்த்தவர்கள் ராம்குமார் ராமநாதன், பிரஜ்னேஷ் குணேஸ்வரன் என்ற சென்னைக்காரர்கள். அப்புறம் 2025 செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரம். மதுரைக்காரர் தக்ஷிணேஸ்வர் சுரேஷ், தரவரிசையில் 600க்கும் பின்னால், அதுதான் அவருக்கு முதல் டேவிஸ் கோப்பை ஆட்டம். உள்ளூர் வீரர் ஜெரோம் கிம்மை நேர் செட்டில் முடித்தார். சுமித் நாகல் இரண்டு ஆட்டம் எடுக்க, இந்தியா 3-1. ஐரோப்பிய அணி ஒன்றை அவர்கள் மண்ணில் நாம் ஜெயித்தது 1993இல் பிரான்சின் ஃப்ரெஜுஸுக்குப் பிறகு அப்போதுதான். அன்று மாமாவுக்கு ஸ்கோரை அனுப்பினேன். "பையன் யாரு, எந்த ஊரு?" என்று கேட்டார். தரவரிசையைக் கேட்கவில்லை.

இப்போது ஐந்து செட் கிடையாது, மூன்று நாள் கிடையாது, மூன்று செட்டில் இரண்டே நாளில் முடித்துவிடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை, 2010 சென்னை ஆட்டத்தை இந்த விதியில் ஆடியிருந்தால் பெலூச்சி ஞாயிற்றுக்கிழமை தெம்பாக வந்திருப்பார். இருந்தாலும் பாருங்கள். ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருந்தால் இரண்டாம் நாளின் இரட்டையரைப் பாருங்கள்.

1974இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறியைக் கண்டித்து இறுதிச் சுற்றையே ஆடாமல் விட்டோமே, கோப்பை கையில் வந்திருக்குமே என்று கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வருபவர்கள் அதைத் தனிக் கேள்வியாகப் போடுங்கள். விட்டது சரி என்பது என் கட்சி. அங்கே வந்து பேசுகிறேன்.