சிவந்த சிறுநீரைச் சூடு என்று விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. மதுரை செல்லூரில் இருக்கிறேன். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் வேலை, இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தினமும் ஒரு கட்டு பீடி, ஏழெட்டு டீ, ராத்திரி புரோட்டா. என் பெரியப்பா மூத்திரப்பைப் புற்றுநோயில் இறந்தார். போன மாதம் இரண்டு நாள் எனக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை. சூடு என்று இளநீர் குடித்தேன், நின்றுவிட்டது. டீயையும் புரோட்டாவையும் விட்டால் போதுமா?

பதில்: டீ, புரோட்டாவை அப்புறம் பார்க்கலாம் ஐயா. உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த இரண்டு நாள்தான். இளநீர் நல்லதுதான், ஆனால் அது அந்த ரத்தத்தை நிறுத்தவில்லை. மூத்திரப்பையில் கட்டி இருந்தால் ரத்தம் ஒரு நாள் வரும், தானாகவே நிற்கும், மாதக்கணக்கில் காணாமல் போய் மறுபடி வரும். கல்லாக இருந்தால் பெரும்பாலும் வலி காட்டிக்கொடுத்துவிடும். வலியே இல்லாமல் சிவப்பாகப் போவதைத்தான் நாங்கள் விடவே மாட்டோம். முதல் நாள் பீட்ரூட் சாப்பிட்டாலும் சிலருக்கு நிறம் மாறும். அப்படி எதுவும் இல்லையென்றால், ஒரே ஒரு முறை வந்திருந்தாலும் பரிசோதனை வேண்டும்.

மூத்திரப்பைப் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகை. புகை பிடிப்பவர்களுக்கு ஆபத்து சுமார் மூன்று மடங்கு. 'புகை நெஞ்சுக்குத்தானே போகிறது' என்று பலரும் கேட்பார்கள். அதிலுள்ள நச்சு ரத்தத்தில் கலக்கிறது, சிறுநீரகம் அதை வடிகட்டி மூத்திரப்பைக்கு அனுப்புகிறது. அங்கே மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. தொட்டியில் துணி ஊற ஊறச் சாயம் ஏறுவது உங்களுக்குத் தெரியாததா?

சாயத் தொழிலும் கேட்கவேண்டிய விஷயம்தான். 1895-லேயே லூட்விக் ரென் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு மூத்திரப்பையில் கட்டி வருவதைச் சொன்னார். பென்சிடின் போன்ற சில சாய மூலப்பொருள்கள்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதே வகை ரசாயனங்கள் புகையிலைப் புகையிலும் உண்டு. நீங்கள் கலக்கும் பொடியில் அவை இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெயரில்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். முழங்கை வரை கையுறை, பொடி கலக்கும்போது முகக்கவசம், சாப்பிடும் முன் சோப்பு. வெறுங்கையோடு தொட்டிக்குள் இறங்கவே கூடாது.

சரி, சாப்பாடு. காபி மேல் ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது. 2016-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. டீயும் பயப்படவேண்டியதில்லை. ஆனால் டீக்கடையில் கிளாஸோடு சேர்ந்து பற்றும் பீடியை விடவேண்டும். விட்ட பிறகு ஆபத்து வருடா வருடம் குறையும். புரோட்டாவைச் சர்க்கரைக்காகவும் எடைக்காகவும் குறையுங்கள், இந்த நோய்க்காக அல்ல. மதுரை வெயிலில் தண்ணீர் நிறையக் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள்.

இந்த வாரமே பெரியாஸ்பத்திரி சிறுநீரியல் (யூராலஜி) பிரிவுக்குப் போங்கள். சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன், பிறகு மரத்துப்போகும் ஜெல் தடவி மெல்லிய குழாய் கேமரா வழியாக உள்ளே பார்ப்பது. சில நிமிடம்தான். கட்டி தசைக்குள் இறங்காமல் இருந்தால் வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம். பீடி, சாய வேலை, பெரியப்பா எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் அந்தச் சீட்டையும் கொண்டுபோங்கள். அதில் பயோகிளிட்டசோன் என்ற மருந்து இருந்தால், அதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்பதால் மாற்றவேண்டியிருக்கலாம்.