வெல்க்ரோவில் ஒட்டிய விதை

அன்புள்ள சார்,

அடுத்த வருடம் மனைவியோடு, அண்டார்டிகா பக்கம் தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவுக்குக் கப்பலில் போகலாம் என்றிருக்கிறோம். கரை நிறைய பென்குயின்களைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. சின்னக் கப்பல் நல்லதா, பெரியதா? அங்கெல்லாம் போவதே தவறோ என்றும் ஒரு உறுத்தல். இன்னொன்று. முன்பு அண்டார்டிகா போனபோது, கரையிறங்கும் முன் பூட்ஸைத் தேய், பையை உதறு என்று படுத்தி எடுத்துவிட்டார்கள். வெறும் சடங்கு. இந்தக் கெடுபிடி குறைவாக உள்ள நிறுவனம் ஏதாவது உண்டா?

வி.

அன்புள்ள வி.,

மனைவியின் ஆசைக்காக இவ்வளவு தூரம் யோசிக்கிறீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. சின்னக் கப்பலிலேயே போங்கள். 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து அங்கே யாரும் கரையிறங்க முடியாது. போகலாமா கூடாதா என்பது உங்கள் மனசாட்சியின் விஷயம், அதில் நான் தலையிடவில்லை.

ஆனால் ‘வெறும் சடங்கு’ என்றீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

1775இல் கேப்டன் குக் அந்தத் தீவில் இறங்கினார். அவருக்குப் பின்னால் சீல் வேட்டைக்காரர்கள் வந்தார்கள், அப்புறம் திமிங்கில வேட்டைக்காரர்கள். அவர்களுடைய கப்பல்களிலிருந்து எலிகளும் இறங்கின. அங்கே மரமே கிடையாது. பறவைகள் தரையிலும், டஸக் என்ற உயரமான கொத்துப் புல்லின் அடியிலும், மண் வளைகளிலும்தான் முட்டையிட வேண்டும். எலிக்கு வேறென்ன வேண்டும்? தெற்கு ஜார்ஜியா நெட்டைக்காலி என்று ஒரு சின்னப் பறவை, உலகில் வேறெங்கும் இல்லாதது. அண்டார்டிகப் பகுதியின் ஒரே பாடும் பறவை அதுதான். எலி எட்டாத சில குட்டித் தீவுகளிலும் ஓரங்களிலும் ஒதுங்கித்தான் அது பிழைத்துக் கிடந்தது.

எலிகளை ஒழிக்க 2011இல் தொடங்கி 2015 வரை ஹெலிகாப்டரிலிருந்து சுமார் 300 டன் விஷ இரை தூவினார்கள். பனியாறுகளைத் தாண்ட முடியாததால் எலிகள் தனித்தனிக் கூட்டங்களாக இருந்தன, அதனால்தான் பகுதி பகுதியாக ஒழிக்க முடிந்தது. பனியாறுகளோ உருகிப் பின்வாங்கிக்கொண்டிருந்தன. இன்னும் தாமதித்திருந்தால் எல்லாக் கூட்டமும் ஒன்றாகியிருக்கும். பிறகு மோப்ப நாய்களோடு தீவெங்கும் நடந்து தேடினார்கள். 2018 மே மாதம்தான் எலி இல்லை என்று அறிவித்தார்கள். நெட்டைக்காலி பழைய இடங்களுக்குத் திரும்பியது.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகு நீங்களும் நானும் அங்கே போய் இறங்குகிறோம்.

நான் போன பயணத்தில், மேல்தளத்தில் வரிசையாக உட்கார வைத்து எங்கள் உடைகளைப் பரிசோதித்தார்கள். என் பக்கத்திலிருந்த பெண்மணியின் மழைக்கோட்டில், மணிக்கட்டை இறுக்கும் வெல்க்ரோ பட்டியை வழிகாட்டி பிரித்துப் பார்த்தார். கொக்கி இழைகளுக்குள் நூல், முடி, நடுவே வாலோடு ஒரு புல் விதை. சின்ன இடுக்கியால் அதை எடுத்து ஈரத் துணியில் வைத்தார். அந்தப் பெண்மணி முகம் சிவந்துபோய் மற்ற கையையும் நீட்டினார். உங்களைப் போலத்தான் அவரும் அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

போவா அன்னுவா என்ற சாதாரணப் புல் இப்படி மனிதர்களோடு போய்த்தான் தெற்கு ஜார்ஜியாவில் பரவியது, அண்டார்டிகாவிலேயே வேர்விட்டது. எலியையாவது நாய் மோப்பம் பிடிக்கும். மண்ணில் விழுந்த விதையை எப்படித் தேடுவீர்கள்?

2023 அக்டோபரில் பறவைக் காய்ச்சலும் அங்கே வந்தது. பறவைகளோடு வந்ததுதான், ஆனால் யானை சீல்கள் கூட்டமாகச் செத்தன. ஒரு கரையின் எச்சம் பூட்ஸில் ஒட்டி அடுத்த கரைக்குப் போகக் கூடாது. கிருமிநாசினியில் காலை முக்கச் சொல்வதும், கரையில் உட்காராதே, பையைக் கீழே வைக்காதே என்பதும் அதற்காகத்தான். இதைப் போய்ப் படுத்தல் என்கிறீர்களே, சரியா சொல்லுங்கள்?

கெடுபிடி குறைந்த நிறுவனத்தை நான் சொல்ல மாட்டேன், நீங்களும் தேடாதீர்கள். முன்பதிவுக்கு முன்னால் பரிசோதனையை எப்படிச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். விவரமாகப் பதில் சொல்பவர்களோடு போங்கள். கிளம்பும் முன் வீட்டிலேயே பைகளின் தையல் ஓரங்களை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். பூட்ஸின் நாக்கு, கேமரா முக்காலியின் கால்கள், பாக்கெட்டின் அடி எல்லாவற்றையும் பாருங்கள். மனைவியின் கேமரா பையிலும் வெல்க்ரோ இருக்கும், அதையும் பிரித்துப் பாருங்கள்.